மலைக்குப் போன் வாங்கப் போகிற மகளுக்கு

பொள்ளாச்சி,
ஞாயிறு இரவு.

அன்புள்ள கண்ணு,

நீ அனுப்பிய விலைப்பட்டியலை இரண்டு தடவை படித்துவிட்டேன். வால்பாறைக்கு மேலே எஸ்டேட் ஆபீஸ், அதற்கு ஆறு இன்டர்நெட் போன், கோவைத் தலைமை அலுவலகத்தோடு இணைப்பு, அத்தனையும் உன் பொறுப்பு என்று எழுதியிருக்கிறாய். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் முடியவில்லை, அதற்குள் இப்படி ஒரு வேலையை உன்னை நம்பிக் கொடுத்திருக்கிறார்கள். உன் அப்பாவைவிட எனக்குத்தான் பெருமை அதிகம்.

"மூணு கம்பெனி போன் விலை போட்டிருக்கேன், எது நல்லதுன்னு மட்டும் சொல்லுங்க பெரியப்பா" என்று கேட்டிருக்கிறாய். அதற்கு ஒரு வரியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் உன் பட்டியலில் போன் இருக்கிறது, போதுமான பாட்டரி இல்லை. ஸ்விட்ச் இருக்கிறது, எர்த் இல்லை. ஆறுக்கு ஆறு போன் இருக்கிறது, ஏழாவது இல்லை. அதனால் கடிதம் கொஞ்சம் நீளும். பொறுமையாகப் படி.

நான் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலையில் இருந்த நாளில் கட்டடத்தின் பின்பக்கம் பாட்டரி ரூம் என்று ஓர் அறை உண்டு. ஈய பாட்டரிகள் வரிசையாக நிற்கும். கதவைத் திறந்ததும் அமில நெடி மூக்கில் ஏறும். காலையில் வந்ததும் ஹைட்ரோமீட்டரை செல் செல்லாக விட்டு, அடர்த்தி பார்த்து, நோட்டில் எழுதிக் கையெழுத்துப் போடவேண்டும். அந்த அறையின் 48 வோல்ட்தான் செம்புக் கம்பி வழியாக ஒவ்வொரு வீட்டுப் போனுக்கும் போய்ச் சேர்ந்தது. ஊரே இருட்டில் கிடக்கும்போதும் போன் பேசியது அதனால்தான். போனுக்குக் கரண்டே வேண்டாம் என்றுதான் ஜனங்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அப்படி அவர்கள் நினைக்கும்படி வைத்துக்கொள்வதுதான் எங்கள் வேலையாக இருந்தது.

இன்டர்நெட் போனில் அந்த அறை இல்லை. பாட்டரி, எர்த், கம்பிக்குக் காவல், கெட்டதை மாற்ற உதிரி எல்லாமே போன் இருக்கிற இடத்துக்கு வந்துவிட்டன. நீ வைத்தால் உண்டு, வைக்காவிட்டால் இல்லை. ஆறு போன் மாட்டப் போகிறோம் என்று நினைக்காதே. மலைமேல் ஒரு குட்டி எக்ஸ்சேஞ்ச் திறக்கப் போகிறோம் என்று நினைத்துக்கொள். அப்போது எதை வாங்குவது என்பது உனக்கே தெரிய ஆரம்பிக்கும்.

உனக்கு முன்னால் இதே கேள்வியைப் பெரிய அளவில் கேட்டவர்கள் இருக்கிறார்கள். 1984ல் அரசின் தொலைத்தொடர்பு ஆராய்ச்சிக்கென்று சி-டாட் நிறுவனம் தொடங்கியது. சாம் பித்ரோடா வழிகாட்ட, நம் நாட்டு இளம் என்ஜினியர்கள் கிராமத்துக்கென்றே 128 போர்ட் கொண்ட ஒரு எக்ஸ்சேஞ்சைச் செய்தார்கள். 1986ல் கர்நாடகத்தில் கித்தூரில் முதலாவது நின்றது. அதுவரை மின்னணு எக்ஸ்சேஞ்ச் என்றால் ஏசி அறை, தூசி புகாத கதவு என்று நிபந்தனைகள் நீளும். இது ஏசி இல்லாமலே ஓடியது. கெட்டுப்போனால் எந்தக் கார்டு என்று கண்டுபிடித்து, அதை உருவிவிட்டு வேறொன்றைச் செருகினால் போதும். அவர்கள் முதலில் கிராமத்தின் வெயிலையும் தூசியையும் கரண்டையும் கணக்கில் எடுத்தார்கள், அப்புறம்தான் இயந்திரத்தை வரைந்தார்கள். நீயும் அந்த வரிசையில் போ. ஆளியாறு தாண்டி நாற்பது கொண்டை ஊசி வளைவு ஏறி ஒரு ஆள் ரிப்பேருக்கு வருவதற்குள் ஒரு பகல் போய்விடும். அந்த இடத்துக்குத்தான் நீ சாமான் வாங்குகிறாய்.

என் பிழை ஒன்றைச் சொல்கிறேன். ரிட்டயரான பிறகு மலையில் ஒரு அலுவலகத்துக்கு இதே வேலையை நான் செய்து கொடுத்தேன். ஆபீசுக்கும் ஃபேக்டரிக்கும் அறுபது மீட்டர் இருக்கும். நெட்வொர்க் கேபிள் 100 மீட்டர் வரை தாங்கும் என்பது விதி, அது எனக்குத் தெரியும். அந்தத் தைரியத்தில் கேபிளைக் கம்பத்துக்குக் கம்பம் இழுத்துக் கட்டினேன். ஆறு மாசம் ஒரு குறையும் இல்லை. ஐப்பசியில் ஒரு சாயங்காலம் இடி. மறுநாள் போய்ப் பார்த்தால் ஃபேக்டரி போனில் உயிர் இல்லை. அதைத் திருப்பிப் போட்டு நாலு ஸ்க்ரூவைக் கழற்றினேன். கேபிள் செருகும் துளைக்குப் பின்னால் கறுப்பாக ஒரு சின்னப் பெட்டி இருக்கும், உள்ளே நூல் மாதிரி கம்பி சுற்றிய டிரான்ஸ்ஃபார்மர். அதன் மூலை தெறித்துப் போயிருந்தது. பச்சைப் பலகையில் செம்புத் தடம் இருந்த இடத்தில் சாம்பல் நிறக் கோடு மட்டும் மிச்சம். முகர்ந்து பார்த்தேன், கருகிய நெடி அப்படியே இருந்தது. அங்கிருந்து ஆபீசுக்கு வந்தால் ஸ்விட்சின் எட்டு போர்ட்டில் ஐந்து செத்திருந்தன.

இடி அந்தக் கேபிளில் விழவில்லை. பக்கத்தில் எங்கோ சில்வர் ஓக் மரத்தில் விழுந்திருக்கிறது. இடி இறங்கும் கணத்தில் ஒரு கட்டடத்தின் நிலமும் அடுத்த கட்டடத்தின் நிலமும் ஒரே மின் அழுத்தத்தில் இருப்பதில்லை. இரண்டையும் இணைத்து நாம் ஒரு செம்புக் கம்பி போட்டிருந்தால், அந்த வித்தியாசம் முழுக்க அது வழியாகத்தான் ஓடும், நடுவில் இருக்கிற போனையும் ஸ்விட்சையும் எரித்துக்கொண்டு. 100 மீட்டர் விதி சிக்னலுக்குச் சொன்னது, இடிக்குச் சொன்னதல்ல. அதை அன்று கற்றுக்கொண்டேன்.

ஆகவே ஒரு கட்டடத்திலிருந்து இன்னொரு கட்டடத்துக்கு எது போனாலும் ஃபைபராகவே போகட்டும். கண்ணாடி இழையில் கரண்ட் போகாது. இரண்டு முனையிலும் ஒரு மீடியா கன்வர்ட்டர் போதும், பெரிய செலவில்லை. ஆனால் வாங்கும்போது ஒன்றைக் கவனி. கடையில் கிடைக்கிற டிராப் கேபிள் பலவற்றில் ஃபைபரோடு கூடவே ஒரு இரும்புக் கம்பி ஓடும், தொங்கவிட்டால் தாங்குவதற்காக. அதையும் சேர்த்து உள்ளே கொண்டுவந்தால் ஃபைபர் போட்டும் பலன் இல்லை. உலோகமே இல்லாத ஃபைபராகக் கேள். கிடைக்காவிட்டால் அந்த இரும்புக் கம்பியைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டி நிறுத்து.

எர்த்தை நீயே பார். எலெக்ட்ரீஷியன் "எர்த் இருக்குங்க" என்று சொல்வார், அதை நம்பி வராதே. மல்டிமீட்டரை எடுத்துச் சாக்கெட்டில் நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்து பார். இரண்டு மூன்று வோல்ட்டுக்குள் இருந்தால் பரவாயில்லை. இருபது முப்பது காட்டினால் எர்த் செத்துக் கிடக்கிறது. சுத்தமாகப் பூஜ்யம் காட்டினாலும் சந்தேகப்படு, சாக்கெட்டுக்குள்ளேயே நியூட்ரலையும் எர்த்தையும் யாராவது முடிச்சுப் போட்டிருக்கலாம். அதைத் திறந்து பார்க்காமல் விடாதே. எர்த் சரியாக இல்லாத இடத்தில் எவ்வளவு விலை கொடுத்து சர்ஜ் புரொடெக்டர் மாட்டினாலும் அது சுவரில் தொங்குகிற பெட்டிதான். அது தடுத்த மின்சாரம் இறங்க இடம் வேண்டுமே. உன் பட்டியலில் முதல் வரியாக எர்த் பிட் என்று எழுது. கணக்குப் பிரிவில் கேள்வி கேட்டால் என் போன் நம்பரைக் கொடு, நான் பேசுகிறேன்.

அடுத்தது கரண்ட். ஒவ்வொரு போனுக்கும் ஒரு அடாப்டர் என்று ஆறு போட்டிருக்கிறாய். எடுத்துவிடு. ஆறு அடாப்டர் என்றால் ஆறு பிளக், ஆறு இடத்தில் பாட்டரி. கேபிள் வழியாகவே கரண்ட் கொடுக்கிற பிஓஇ ஸ்விட்ச், கட்டடத்துக்கு ஒன்றாக வாங்கு. எக்ஸ்சேஞ்சின் 48 வோல்ட் முறைதான் இது, புது உடுப்பில் வந்திருக்கிறது. ஒரே இடத்தில் பாட்டரியைக் காத்தால் அந்தக் கட்டடத்தின் எல்லாப் போனும் பிழைக்கும். ஃபைபரில் கரண்ட் போகாது என்பதால் அடுத்த கட்டடத்துக்குத் தனி பாட்டரி வேண்டும். ஸ்விட்சின் மேல் 802.3ஏஎஃப் அல்லது 802.3ஏடி என்று எழுதியிருக்கவேண்டும். முதலாவது ஒரு போர்ட்டுக்கு 15.4 வாட் வரை தரும், மேஜை போனுக்கு அது தாராளம். இந்த ஸ்விட்ச் எதிர்முனையில் இருப்பது கரண்ட் வாங்கும் சாமானா என்று கேட்டுப் பார்த்துவிட்டுத்தான் கொடுக்கும். கேட்காமலே கரண்டைத் தள்ளுகிற பேசிவ் பிஓஇ என்ற மலிவு வகை ஒன்றும் விற்கிறது. அதைத் தொடாதே. ஒரு நாள் யாராவது லேப்டாப்பை அதில் செருகுவார்கள், அதோடு லேப்டாப்பே போய்விடலாம்.

இப்போது ஒரு காகிதம் எடுத்து, எல்லாம் ஒரே கட்டடம் என்று வைத்துக் கணக்குப் போடு. போன் ஒன்றுக்கு 4 வாட் என்றால் ஆறுக்கு 24. ஸ்விட்சுக்கு ஒரு 8, ரௌட்டருக்கு 8, ஃபைபர் மோடத்துக்கு 10. மொத்தம் 50 வாட். மலையில் மரம் விழுந்தால் எட்டு மணி நேரம் கரண்ட் வராது என்று வை, 400 வாட்-மணி வேண்டும். நீ எழுதியிருக்கிற 600 விஏ யுபிஎஸ்ஸுக்குள் இருப்பது 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பாட்டரி. பெருக்கினால் 84 வாட்-மணி, அதுவும் காகிதத்தில். புதிதாக இருக்கும்போது ஒரு மணி நேரம் தாங்கினால் பெரிது, இரண்டு வருஷம் கழித்து அரை மணி. வீட்டு இன்வெர்ட்டருக்கு வைக்கிறோமே, உயரமான 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பாட்டரி, அதில் 1800 வாட்-மணி இருக்கிறது. இன்வெர்ட்டர் தின்றது போக, பாட்டரியைப் பாதிக்கு மேல் இறக்காமல் வைத்துக்கொண்டாலே உன் எட்டு மணி நேரம் வந்துவிடும். இன்வெர்ட்டரையும் அந்தச் சின்ன யுபிஎஸ்ஸையும் அடுத்தடுத்துப் போடு. கரண்ட் போய் இன்வெர்ட்டர் எடுத்துக்கொள்ளும் அந்தக் கண்சிமிட்டும் நேரத்தை யுபிஎஸ் தாங்கும். இல்லாவிட்டால் ஒவ்வொரு தடவையும் ரௌட்டர் அணைந்து எழுந்து, போன்கள் திரும்பப் பதிவாக இரண்டு மூன்று நிமிஷம் ஆகும். அந்த மூன்று நிமிஷத்தில் பேச வேண்டியவர் "இந்த புதுப் போன் சரியில்லை" என்று முடிவுகட்டிவிடுவார். அந்த நம்பிக்கை போனால் திரும்ப வராது.

பாட்டரி மேல் வாங்கிய தேதியை மார்க்கரால் எழுதி வை. டிஸ்டில்டு வாட்டர் ஊற்றுவது யார் என்று ஆள் பெயர் சொல்லிக் கேட்டுவிட்டு வா.

கேபிளுக்கு நீ போட்டிருக்கிற விலை சந்தேகமாக இருக்கிறது, அவ்வளவு மலிவாகச் செம்பு கிடைக்காது. அலுமினியத்துக்குச் செம்பு முலாம் பூசி கேட்-5இ என்று அச்சடித்து விற்கிறார்கள். டேட்டா மட்டும் போகும்வரை தெரியாது. பிஓஇ கரண்ட் போக ஆரம்பித்ததும் தடை அதிகமாகிச் சூடேறும், கடைசிப் போன் அடிக்கடி அணைந்து எழும், நீ போனைக் குறை சொல்லிக்கொண்டிருப்பாய். ஒரு துண்டு வெட்டி, உள் கம்பி ஒன்றை உரித்து, பிளேடால் சுரண்டிப் பார். செம்பு உள்ளேயும் செம்பாகவே இருக்கும். மற்றது வெள்ளியாக மின்னும். இரண்டு தடவை மடக்கினால் ஒடிந்தும் போகும். அங்கே மழைக்காலத்தில் சுவரே வியர்க்கும். கனெக்டரின் பல்லில் பச்சைக் களிம்பு ஏறும். அதனால் நல்ல கனெக்டர் போட்டு, ரப்பர் மூடி மாட்டி, தரையோரம் போகும் கேபிளை எலி கடிக்காமல் பைப்புக்குள் விடு.

இனி இணைப்பு. உன் மேலாளர் "எத்தனை எம்பி ஸ்பீடு வேண்டும்" என்று கேட்டிருக்கிறார். ஜி.711 முறையில் ஒரு பேச்சுக்கு, பொட்டலத்தின் தலைப்பெல்லாம் சேர்த்து, ஒரு திசைக்கு ஏறக்குறைய 87 கிலோபிட். ஜி.729 என்றால் 31 தான். ஒரே நேரத்தில் நாலு பேர் பேசினாலும் அரை எம்பிகூட ஆகாது. வேகத்தில் ஒன்றும் இல்லை. சீராக வருகிறதா என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. குரல் 20 மில்லி விநாடிக்கு ஒரு பொட்டலமாக, விநாடிக்கு ஐம்பது போகிறது. ஒரு திசைத் தாமதம் 150 மில்லி விநாடிக்குள் இருந்தால் பேச்சு இயல்பாக இருக்கும் என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் அளவுகோல். பொட்டலம் நூற்றில் ஒன்றுக்கு மேல் தொலைந்தால் வார்த்தை விழுங்கும். நீ மேலே போகும்போது ஒரு நாள் தங்கி, மழை பெய்யும் சாயங்காலத்தில் மணிக்கணக்கில் பிங் ஓடவிட்டு எழுதிக்கொண்டு வா. வெயில் அடிக்கும் காலையில் பத்து நிமிஷம் பார்த்த ஸ்பீட் டெஸ்ட் எனக்கு வேண்டாம். ஆபீசின் சிசிடிவி காட்சி இரவும் பகலும் கோவைக்கு ஏறிக்கொண்டிருந்தால் குரல் அதன் பின்னால் வரிசையில் நிற்கும். ஆகவே ரௌட்டர் வாங்கும்போது குரலுக்கு முன்னுரிமை கொடுக்கத் தெரிந்ததா என்று பார். எஸ்ஐபி ஏஎல்ஜி என்று ஒரு வசதி இருக்கும், உதவி செய்வதற்கென்று வைத்தது, பல ரௌட்டர்களில் உபத்திரவம்தான் செய்கிறது. அதை அணைக்க முடிகிற ரௌட்டராக வாங்கு. ஒரு பக்கம் பேசுவது மட்டும் கேட்கிறது என்று புகார் வந்தால் முதலில் அங்கே போய்ப் பார்.

ஃபைபர் அறுந்தால் மாற்றாக 4ஜி சிம் போடலாம் என்று நீ எழுதியிருப்பது நல்ல யோசனை. ஆனால் அங்கே சிக்னல் தரும் டவருக்கு எந்த வழியாக இணைப்பு வருகிறது என்று விசாரி. அதே ரோட்டோரம் அதே கம்பத்தில் வரும் ஃபைபரில்தான் டவரும் ஓடுகிறது என்றால், ஒரு மரம் விழுந்ததும் இரண்டும் சேர்ந்தே போகும். சாட்டிலைட் வழியாக வரும் வி-சாட் வேண்டுமா என்ற கேள்விக்கு என் பதில் வேண்டாம். அந்த சாட்டிலைட் ஏறக்குறைய 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. ஏறி இறங்கவே கால் விநாடி. நீ கேட்ட கேள்விக்குப் பதில் வர அரை விநாடிக்கு மேல் ஆகும், அதற்குள் இருவரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்து ஒரே நேரத்தில் நிறுத்துவார்கள். கணக்கு அனுப்ப அது போதும், பேச ஆகாது.

எனக்கு அதிகக் கவலை தருவது வேறொன்று. எல்லாப் போனையும் கோவை சர்வரில் பதிவு செய்வதாகத் திட்டம் போட்டிருக்கிறாய். அப்படியானால் இணைப்பு அறுந்த அன்று ஆபீசிலிருந்து டிஸ்பென்சரிக்குக்கூடப் பேச முடியாது, நடுவில் நூறு அடிதான் தூரம் என்றாலும். அது தேயிலைத் தோட்டம், கண்ணு. இலை பறிக்கும் இடத்தில் பாம்பு கடிக்கும். ஃபேக்டரியில் ரோலரில் கை மாட்டும். வால்பாறையில் யானை எங்கே நிற்கிறது என்பதை ஜனங்களுக்குக் குறுஞ்செய்தியிலும் உள்ளூர் கேபிள் டிவியிலும் சொல்ல ஒரு ஏற்பாடே நடக்கிறது, சேதி நேரத்தில் போய்ச் சேர்ந்தால் உயிர் மிஞ்சும் என்பதால். அப்படிப்பட்ட மலையில் உள்ளூர்ப் பேச்சு கோவைவரை போய்த் திரும்பக் கூடாது. மேலேயே உள்ளூர் அழைப்புகளை இணைக்கும் ஒரு சின்ன பிபிஎக்ஸ் வை. ரெடிமேட் பெட்டியாக வாங்கினாலும் சரி, விசிறி இல்லாத மினி கம்ப்யூட்டரில் ஆஸ்டரிஸ்க் போட்டாலும் சரி. அது மார்க் ஸ்பென்சர் 1999ல் எழுதத் தொடங்கி எல்லோருக்கும் இலவசமாக விட்ட மென்பொருள், இத்தனை வருஷம் உழைத்துக்கொண்டிருக்கிறது. மெமரி கார்டில் மட்டும் ஓடவிடாதே. கரண்ட் போய்ப் போய் வரும் இடத்தில் கார்டு ஒரு நாள் எழுந்திருக்காது. எஸ்எஸ்டி போடு. வெளியூர் இணைப்பு போனாலும் டிஸ்பென்சரி போன் அடிக்கவேண்டும். இதில் மட்டும் நீ விட்டுக்கொடுக்காதே.

108, 112 என்ற அவசர எண்கள் பற்றியும் யோசி. இன்டர்நெட் போனிலிருந்து கோவை வழியாகப் போகும் அழைப்பு கோவை நம்பராகத்தான் தெரியும். ஒரு லேண்ட்லைன் கிடைத்தால் அதை விடாதே. கிடைக்காவிட்டால் சிம் போட்டு வைக்கும் மேஜை போன் ஒன்றை டிஸ்பென்சரியில் வை. வெளி நம்பர்களுக்கான எஸ்ஐபி இணைப்பை உரிமம் பெற்ற நிறுவனத்திடம் மட்டும் வாங்கு. வெளியூர் அழைப்பை உங்கள் இன்டர்நெட்டில் கொண்டுபோய் அந்த ஊர் லேண்ட்லைனில் இறக்கிக் காசு மிச்சம் பண்ணலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதே, நம் நாட்டில் அது சட்ட விரோதம்.

இவ்வளவுக்கும் பிறகுதான் போன். நீ எழுதிய மூன்று கம்பெனியும் பெயர் உள்ளவைதான், எதை வாங்கினாலும் தப்பில்லை. தொடுதிரை போனை மட்டும் எடுத்துவிடு. மழையில் நனைந்த கையோடு, டீத்தூள் படிந்த விரலோடு அழுத்துகிறவர்களுக்கு நிஜப் பட்டன்தான் வேண்டும். கடைக்காரரிடம் ஒன்றை வாங்கிக் கையில் எடுத்துப் பார். ரிசீவரை வைக்கும்போது அழுந்துகிற ஹுக் ஸ்விட்சை இருபது தடவை தட்டிப் பார், முதலில் கெடுவது அதுதான். அடுத்துக் கெடுவது சுருள் கார்டு. அதைக் கழற்றி வேறு மாட்ட முடியவேண்டும், சாதாரணக் கார்டே பொருந்தவேண்டும். ஃபேக்டரியில் இலையை நொறுக்கும் சிடிசி மெஷின் ஓடும்போது மேஜை போனின் மணி யாருக்கும் கேட்காது, அங்கே தனியாக உரத்த மணியும் விளக்கும் வை. டீத்தூள் பஞ்சு காற்றில் பறக்கும் இடம் என்பதால் விசிறி உள்ள ஸ்விட்ச் எதுவும் அந்தக் கட்டடத்துக்குப் போகக் கூடாது. பல்லி முட்டையிடாமல் இருக்கப் பெட்டியின் சும்மா கிடக்கும் போர்ட்டுகளை மூடி போட்டு அடை.

கம்பெனியின் இணையதளத்தில் அந்த மாடலுக்குக் கடைசியாக எப்போது ஃபர்ம்வேர் வந்தது என்று பார். இரண்டு வருஷமாக ஒன்றும் வரவில்லை என்றால் அவர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்கள். பழைய போன் மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று சொல், ஏதாவது ஒரு சேவை நிறுவனத்துக்குப் பூட்டப்பட்டதாக இருக்கலாம், திறக்க முடியாமல் போகலாம். போனோடு வந்த பாஸ்வேர்டை முதல் நாளே மாற்று, ஐஎஸ்டியை அடைத்து வை. ராத்திரியில் யாரோ எங்கிருந்தோ உங்கள் கணக்கில் வெளிநாட்டுக்குப் பேசிவிட்டு, காலையில் பில் மட்டும் உங்களுக்கு வருவது நடக்கிற விஷயம்.

ஏழாவது போனைச் சொன்னேன் இல்லையா. அதையும், இன்னொரு ஸ்விட்சையும், ஒரு ரௌட்டர் அடாப்டரையும், நாலு பேட்ச் கார்டையும் செட்டிங் எல்லாம் முடித்து ஒரு இரும்பு டிரங்கில் வை. ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இரண்டு உள்ளே போடு. அடாப்டர் வாங்கும்போது பிஐஎஸ் பதிவு எண் இருக்கிறதா பார். ஸ்விட்சில் செருகியிருக்கும் ஒவ்வொரு கேபிளிலும் ஒரு கலர் டேப் சுற்று: ஃபேக்டரி சிவப்பு, டிஸ்பென்சரி வெள்ளை, இணைப்பு வருவது மஞ்சள். ஒரு நாள் எல்லாப் போனும் செத்திருக்கும்போது, அந்த ஆபீஸ் கிளார்க் ஜன்னலோரம் சிக்னல் கிடைக்கிற ஒரே இடத்தில் நின்று மொபைலில் உன்னைக் கூப்பிடுவார். அவருக்கு போர்ட் தெரியாது, விலான் தெரியாது. "அண்ணா, மஞ்சளைப் பிடுங்கிட்டு டிரங்கில இருக்கிற பெட்டியில மாட்டுங்க" என்று நீ சொன்னால் அவருக்குப் புரியவேண்டும். நிறுவி முடித்ததும் அவரையே ஒரு போனையும் ஒரு ஸ்விட்சையும் கழற்றி மாட்டச் சொல்லிப் பக்கத்தில் நின்று பார். அவர் தடுமாறுகிற இடத்தில் உன் வேலை இன்னும் முடியவில்லை.

பட்டியலைத் திரும்ப எழுதி அனுப்பு. தொகை கூடும், அதனால் இரண்டு போனைக் குறைத்துக்கொள்ளச் சொன்னால் குறைத்துக்கொள். பாட்டரியையும் எர்த்தையும் குறைக்கச் சொன்னால் ஒத்துக்கொள்ளாதே. சனிக்கிழமை நீ வரும்போது அந்தக் கேபிளில் ஒரு முழம் வெட்டிக்கொண்டு வா. என்னுடைய பழைய மல்டிமீட்டருக்குப் புது பாட்டரி போட்டு வைத்திருக்கிறேன், மலைக்குப் போகும்போது அதை நீ எடுத்துக்கொண்டு போ. பெரியம்மா ராகி மாவு அரைத்து வைத்திருக்கிறாள், அதையும்.

அன்புடன்,
பெரியப்பா